இரவில் புளிக்கும் இலை: கலஞ்சோ வீட்டுச் செடியான வரலாறு

மார்கழி, தை மாதங்களில் தமிழக நகரங்களின் நாற்றங்கால்களில் கைக்கு அடக்கமான தொட்டிகளில் சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து வரிசையாக நிற்கும் கலஞ்சோ, தாவரவியலில் கலஞ்சோ பிளாஸ்ஃபெல்டியானா என்று குறிக்கப்படுவது, சதைப்பற்றுத் தாவரங்கள் என்னும் பெருந்தொகுதியைச் சேர்ந்தது. இலையிலோ தண்டிலோ நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு மழையற்ற நாட்களைக் கடந்துவிடக்கூடிய செடிகள் அனைத்துக்கும் பொதுவாக வழங்கும் பெயர் அது. கள்ளிகளும் கற்றாழைகளும் அதில் அடங்கும். கலஞ்சோ வீட்டுச் சன்னல்களுக்கு வந்து நூறாண்டு இன்னும் நிறையவில்லை. ஆயினும் அதன் வரலாற்றை எழுதப் புகுவோர் தரங்கம்பாடியில் தொடங்கி, மடகாஸ்கரின் மலையொன்றையும் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரையும் அமெரிக்கப் புகையிலைத் தோட்டம் ஒன்றையும் சுற்றி வரவேண்டியிருக்கிறது. இந்த இடங்களையெல்லாம் இணைக்கும் இழை ஒன்றே: சூரியன் மறைந்த பிறகு இச்செடி என்ன செய்கிறது என்பதை மனிதர் சிறிது சிறிதாக அறிந்துகொண்டது. வீட்டில் கலஞ்சோ வளர்ப்போர் இன்று பின்பற்றும் முறைகளில் பாதிக்கு மேல் அந்த அறிவிலிருந்து வந்தவை.

கலஞ்சோ என்னும் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களை ஒரே பெயரின்கீழ்த் தொகுக்கும் பிரிவை, பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அதான்சோன் 1763இல் நிறுவினார். இன்றைய கணக்கில் சுமார் 150 சிற்றினங்கள் இதில் அடங்கும். அவற்றுள் பெரும்பாலானவை மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியவை. தென்னிந்திய மலைகளிலும் இதன் உறவுகள் உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட்டும், ஸ்காட்லாந்தில் இருந்த வாக்கர் ஆர்னட்டும் 1834இல் வெளியிட்ட நூலில் பெயரிட்டு விவரித்த கலஞ்சோ கிராண்டிஃபுளோரா, பளிச்சென்ற மஞ்சள் பூக்களைத் தரும் அழகிய செடி. வணிகத் தோட்டக்கலை அதைப் பொருட்படுத்தாமல் விட்டதற்கு அழகுக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. தமிழர் வீடுகளில் நெடுங்காலமாகப் பழகிய உறவினம் வேறொன்று. ரணகள்ளி என்றும், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் அழைக்கப்படும் அச்செடியின் இலையைப் பறித்து ஈரமண்மேல் போட்டாலும் சரி, நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் சரி, இலை விளிம்பின் பள்ளங்களிலிருந்து வேரோடு கூடிய கன்றுகள் கிளம்பிவிடும். அதுவும் மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டதே. ஆனால் கடல்வழி வணிகம் அதை வெப்பமண்டலம் எங்கும் பரப்பிவிட்டதால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர்கள் அதைப் பற்றி எழுதத் தொடங்கியபோது அதன் சொந்த ஊர் எதுவென்பதே குழப்பமாகியிருந்தது. பெயரிலும் அந்தக் குழப்பம் நீடித்தது. கொட்டிலிடான், பிரையோஃபில்லம், கலஞ்சோ என்று மூன்று பேரினங்களுக்குள் அது மாற்றி மாற்றி வைக்கப்பட்டது.

இந்த ரணகள்ளியின் வழியாகத்தான் கலஞ்சோ இனத்தின் இரவு வாழ்க்கை முதன்முதலில் எழுத்தில் பதிவாயிற்று. பதிவு செய்தவர் பெஞ்சமின் ஹெய்ன். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1770இல் பிறந்து, மொரேவியச் சபையின் ஊழியராக 1792இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். டேனியரின் ஆளுகையில் இருந்த அந்தச் சிறு துறைமுகம் அக்காலத்தில் தாவர ஆராய்ச்சிக்கு ஒரு பள்ளியாகவே விளங்கியது. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் அங்கு மருத்துவராக வந்து சேர்ந்ததிலிருந்து, ராட்லர், கிளைன் முதலிய மறைப்பணியாளர்களும் செடி சேகரிப்பதையும் உலர்த்துவதையும் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையும் தம் அன்றாடக் கடமைகளோடு சேர்த்துக்கொண்டிருந்தனர். சமயப் பணிக்கென வந்தவர்கள் சமயத்தைவிடப் புல்பூண்டுகளால் அதிகம் நினைவுகூரப்படும் நிலை இப்படித்தான் ஏற்பட்டது. ஹெய்ன் விரைவிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கு மாறி, ஆந்திரக் கடற்கரையை அடுத்த சாமல்கோட்டையில் மிளகு, இலவங்கத் தோட்டங்களைக் கவனித்தார். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் காலின் மெக்கென்சி நடத்திய மைசூர் நில அளவையில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பங்கேற்றார். பெங்களூரின் லால்பாகும் சில காலம் அவர் பொறுப்பில் இருந்தது.

விடுப்பில் லண்டன் சென்றிருந்தபோது, 1813இல், லின்னேயன் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்த எய்ல்மர் லாம்பர்ட்டுக்கு ஹெய்ன் ஒரு கடிதம் எழுதினார். அச்சங்கத்தின் ஆய்வேட்டின் 11ஆம் தொகுதியில் 1815இல் அச்சான அக்கடிதம் மூன்று பக்கங்களே கொண்டது. அதன் செய்தி எளிது. ரணகள்ளி இலையை அதிகாலையில் மென்றால் சுக்கான் கீரை அளவுக்கோ அதற்கும் மேலோ புளிக்கிறது. வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைந்து, நண்பகலில் சுவையற்றுப் போகிறது. மாலையில் சற்றே கசக்கிறது. ஒரே செடியின் ஒரே வகை இலை நாளின் வெவ்வேறு பொழுதுகளில் வெவ்வேறு சுவை தருவதை அவர் தம் காலத்து வேதியியலைக் கொண்டு விளக்க முயன்றார். செடிகள் ஒளியில் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன என்பது பிரீஸ்ட்லி முதலியோரால் அப்போது நிறுவப்பட்டிருந்ததால், இரவில் இலை ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு புளிப்பேறுவதாகவும், பகலில் அதை விட்டுப் புளிப்பிழப்பதாகவும் அவர் கருதினார். ஆக்சிஜனே அமிலத்தன்மைக்குக் காரணம் என்று நம்பப்பட்ட காலத்தில் இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைத்திருக்காது. விளக்கம் தவறு, கவனிப்பு சரி. நாக்கைத் தவிர வேறு கருவி எதுவும் இல்லாமல் அவர் கண்டதை அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளின் சோதனைக்கூடங்கள் உறுதி செய்தன. ஹெய்ன் இந்தியாவுக்குத் திரும்பி 1819இல் சென்னையில் காலமானார். அவர் சேர்த்த செடிகளைக் கொண்டு ஆல்பிரெக்ட் ரோத் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1821இல்தான் வெளிவந்தது.

புளிப்பின் உண்மையான காரணம் இதுதான். இலைகளின் தோலில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகவே செடி, மாவுப்பொருள் தயாரிக்கத் தேவையான கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. அந்தத் துளை திறக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் ஈரமும் ஆவியாகி வெளியேறுகிறது. பெரும்பாலான செடிகள் பகலில் துளைகளைத் திறக்கின்றன. வறண்ட பாறைமேல் வாழும் செடிக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே கலஞ்சோ இனத்துச் செடிகள் குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து, வந்த வாயுவை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலமாக மாற்றி, உயிரணுக்களுக்குள் உள்ள நீர்ப்பைகளில் சேமித்து வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்தை உடைத்து, அதிலிருந்து விடுபடும் வாயுவைச் சூரிய ஒளியில் பயன்படுத்திக்கொள்கின்றன. சப்பாத்திக்கள்ளி இருளில் வாயுவை உட்கொள்வதை ஜெனீவாவைச் சேர்ந்த தெ சோசூர் 1804இலேயே எழுதியிருந்தார். அவருடைய வாயுக் கணக்கும் ஹெய்னின் நாக்குக் கணக்கும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்று புரிவதற்கு நெடுங்காலம் பிடித்தது. நியூகாசிலில் மெய்ரியன் தாமசும் அவருடைய மாணவர்களும் 1940களில் ரணகள்ளி இனத்தைக் கொண்டே நடத்திய ஆய்வுகளுக்குப் பிறகு, கலஞ்சோ சேர்ந்துள்ள குடும்பமான கிராசுலேசியின் பெயரால் இது கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம் என்று வழங்கலாயிற்று. அன்னாசியும் கள்ளியும் பல ஆர்க்கிடுகளும் இதே வழியைக் கையாள்கின்றன. ஹெய்னைப் பின்பற்றி இலையை மென்று பார்ப்பது மட்டும் இன்று பரிந்துரைக்கத்தக்கதன்று. காரணம் பின்னர்க் கூறப்படும்.

இடையில் ஓர் இலக்கிய அத்தியாயம் உண்டு. செடியின் உறுப்புகள் அனைத்தும் இலையின் உருமாற்றங்களே என்று 1790இல் எழுதிய ஜெர்மானியக் கவிஞர் கதே, தம் முதுமையில் வைமார் நகரில் ரணகள்ளியைத் தொட்டியில் வளர்த்து, கன்று முளைத்த இலைகளை நண்பர்களுக்கும் தோழி மரியானே ஃபான் வில்லெமருக்கும் அனுப்பி மகிழ்ந்தார். ஒற்றை இலையிலிருந்து முழுச்செடி பிறப்பதைக் காட்டிலும் தம் கொள்கைக்கு வேறு சான்று அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. ஜெர்மானியர் இன்றும் அதைக் கதேச் செடி என்றே அழைக்கின்றனர். கலஞ்சோ இனத்தில் ஒன்று ஐரோப்பிய வீட்டுச் சன்னலில் மதிப்போடு அமர்ந்தது இவ்வாறுதான். ஆனால் ரணகள்ளி உயரமாக வளர்வது, அரிதாகப் பூப்பது, பூத்தாலும் கவிழ்ந்து தொங்கும் மங்கிய பூக்களைத் தருவது. வீட்டு அலங்காரச் சந்தைக்கு அது போதவில்லை.

சந்தைக்கு ஏற்ற செடி மடகாஸ்கரின் வடபகுதியில், சாராடனானா என்னும் மலைத்தொகுதியில் இருந்தது. 2,876 மீட்டர் உயரமுள்ள மரோமோகொட்ரோ என்ற, தீவின் மிக உயர்ந்த சிகரம் அங்குதான் நிற்கிறது. 1896இல் பிரான்ஸ் அத்தீவைத் தன் குடியேற்ற நாடாக இணைத்துக்கொண்ட பிறகு அங்கு சென்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் காடுகளிலும் மலைகளிலும் அலைந்து ஆயிரக்கணக்கான செடி மாதிரிகளைச் சேர்த்த ஆன்ரி பெரியே தெ லா பாத்தி, சாராடனானாவில் கண்ட சிவப்புப் பூச் செடியொன்றை 1920களில் பதிவு செய்தார். அவர் அதைத் தனிச் சிற்றினமாகக் கருதாமல், வேறொரு கலஞ்சோவின் செந்நிற வகை என்றே வைத்தார். மடகாஸ்கரின் இயற்கைத் தாவரங்கள் மனிதர் மூட்டும் தீயால் அழிந்து வருவதைப் பற்றி 1921இலேயே ஒரு பெருநூல் எழுதியவர் அவர். தாம் கண்ட சிறு செடி ஒன்று பின்னாளில் கோடிக்கணக்கில் தொட்டிகளில் பெருகப்போவதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். காட்டுச் செடி முழங்கால் உயரத்துக்கும் குறைந்தது. பாறையிடுக்குகளில், மலையின் ஈரக்காற்றும் மரநிழலும் படும் இடங்களில் வளர்வது. பாலைவனச் செடி அன்று என்பதை வளர்ப்போர் நினைவில் கொள்வது நல்லது. சதைப்பற்று என்றாலே கொதிக்கும் மொட்டைமாடி வெயிலில் வைக்கலாம் என்னும் பரவலான எண்ணம் இச்செடிக்குப் பொருந்தாததன் காரணம் அதன் தாயகத்திலேயே இருக்கிறது.

போட்ஸ்டாம் நகரத்து விதை வணிகர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் இச்செடியைப் பெற்று 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கள்ளிகளின் விதைகளுக்கும் அரிய சதைப்பற்றுச் செடிகளுக்கும் பெயர்போன நிறுவனம் அவருடையது. அது நிறுவப்பட்டிருந்த காலமும் ஊரும் கவனிக்கத்தக்கவை. முதல் உலகப்போருக்குப் பிந்திய ஜெர்மனியில் கள்ளி வளர்ப்பு ஒரு மோகமாகவே பரவியிருந்தது. புதிய யதார்த்தம் என்று அழைக்கப்பட்ட ஓவியப் பாணியினர் சன்னல் விளிம்பில் வைத்த கள்ளித் தொட்டிகளைத் திரும்பத் திரும்பத் தீட்டினர். கியோர்க் ஷோல்ட்ஸ் 1923இல் வரைந்த கள்ளிகளும் ரயில் சைகைக் கம்பங்களும் அடங்கிய ஓவியம் அவற்றுள் நன்கறியப்பட்டது. நடுத்தர வர்க்கத்தினரின் அடுக்குமாடி வீடுகளில் தோட்டம் இல்லை. கணப்பு வைத்துச் சூடாக்கிய அறைகளின் உலர்ந்த காற்றில் பெரணிகளும் மென்மையான பூச்செடிகளும் நிலைப்பதில்லை. நீரை மறந்தாலும் பொறுக்கும் செடி, குளிர்கால இருட்டில் சிவப்பாகப் பூக்கும் செடி, சிறிய தொட்டியில் அடங்கும் செடி என்ற மூன்று தேவைகளையும் ஒன்றாக நிறைவேற்றியது பிளாஸ்ஃபெல்டின் கலஞ்சோ. 1934இல் கார்ல் ஃபான் பெல்னிட்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அதைத் தனிச் சிற்றினமாக்கி வணிகரின் பெயரையே அதற்குச் சூட்டினார். மலையில் கண்டெடுத்தவர் பெயர் விடுபட்டு, கடையில் விற்றவர் பெயர் நிலைத்தது நியாயமா என்று கேட்கலாம். தோட்டக்கலை வரலாற்றில் இது புதிதன்று. அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு பெயர்ப்பேறும் கிட்டியது. ராபர்ட்டின் மகன் ஹாரி தென் அமெரிக்காவில் சேகரித்த கள்ளியொன்றுக்கு 1937இல் பிளாஸ்ஃபெல்டியா என்று பெயரிடப்பட்டது. உலகின் மிகச் சிறிய கள்ளியாகக் கருதப்படுவது அதுவே.

கலஞ்சோ குளிர்காலத்தில் பூப்பதற்குக் குளிர் காரணம் அன்று என்ற செய்தி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, முற்றிலும் வேறொரு பயிரிலிருந்து கிடைத்திருந்தது. அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த வைட்மன் கார்னரும் ஹாரி ஆலர்டும், மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை வகை கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போவதன் காரணத்தைத் தேடினர். உரம், வெப்பம், ஈரம் என்று பலவற்றை மாற்றிப் பார்த்தபின், 1918 கோடையில் வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் பண்ணையில் ஒளி புகாத சிறு கொட்டகை ஒன்றைக் கட்டி, சில செடிகளைத் தினமும் பிற்பகலில் அதற்குள் தள்ளி மறுநாள் காலை வெளியே எடுத்தனர். பகலைக் குறுக்கியதும் செடிகள் கோடையிலேயே பூத்தன. 1920இல் வெளியான அவர்களது கட்டுரையிலிருந்து ஒளிக்காலத்துவம் என்னும் கருத்து பிறந்தது: பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்பதை அளந்து செடி தன் பருவத்தை அறிகிறது. பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் செடிகள், நீளும்போது பூப்பவை நெடும்பகல் செடிகள். செடி உண்மையில் அளப்பது இரவைத்தான் என்பது பின்னர்த் தெரியவந்தது. மருளூமத்தைச் செடிகளைக் கொண்டு ஹாம்னரும் பானரும் 1938இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைப் போட்டுவிட்டால் செடி அதை நீண்ட இரவாக எண்ணாமல் பூப்பதைக் கைவிடுகிறது.

கலஞ்சோ குறும்பகல் செடி. அதன் வரம்பு ஏறத்தாழ 12 மணி நேரப் பகல். இரவு அதைவிட நீண்டுகொண்டே போகும் வாரங்களில்தான் அது மொட்டுக்கு ஆயத்தமாகிறது. கட்டுப்படுத்த எளிது, இடம் குறைவு, ஓராண்டும் காத்திராமல் விடை சொல்லும் என்பதால் சோதனைக்கூடங்கள் அதை விரும்பி ஏற்றன. கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹார்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரே ஓர் இலைக்கு மட்டும் கறுப்பு உறை போட்டு நீண்ட இரவைக் காட்டியபோது, பிற இலைகள் நெடும்பகலில் இருந்தும், அந்த இலை இருந்த பக்கத்துக் கிளை பூத்தது. இருளை உணர்வது இலை, பூப்பது நுனி, இடையே ஏதோ செய்தி செல்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று. குறும்பகலில் இலைகள் சிறுத்துத் தடிப்பதையும் அவர்கள் கண்டனர். அத்தடிப்பின் பொருள் 1954இல் ஹார்வர்டில் கிரிகரி, இர்வின் ஸ்பியர், கென்னத் திமன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் துலங்கியது: நீண்ட இரவுகளைக் கண்ட கலஞ்சோ, இருளில் உட்கொள்ளும் கரியமில வாயுவின் அளவைப் பெருக்கிக்கொள்கிறது. அதாவது பூக்கச் சொல்லும் அதே இரவு, இலையைப் புளிக்கவும் சொல்கிறது. மடகாஸ்கர் மலையில் இரவு நீளும் பருவமே மழை குறையும் பருவமும் ஆகையால், வறட்சி வந்து தாக்குமுன் வானத்தைப் பார்த்து முன்னேற்பாடு செய்யும் செடியின் தந்திரமாக இதைக் கொள்ளலாம். பாரிசை அடுத்த ஜிஃப் நகரின் ஆய்வுக்கூடத்தில் ஒர்லாண்டோ கெய்ரோஸ் குழுவினர் டாம் தம்ப் என்ற குட்டை வகையைக் கொண்டு பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தனர். ஹெய்னின் கடிதமும் கார்னர், ஆலர்டின் கொட்டகையும் ஒரே செடியில் சந்தித்தது இந்த வரலாற்றின் மிகச் சுவையான கட்டம். கலஞ்சோவைப் பற்றிய தோட்ட நூல்கள் பெரும்பாலும் இதைக் கடந்து போய்விடுவது வியப்புக்குரியது.

வணிகர்கள் அறிவியலின் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். இருளைக் கட்டுப்படுத்தினால் பூவைக் கட்டுப்படுத்தலாம் என்பது தெரிந்ததும், கண்ணாடிக் குடில்களில் செடிகளுக்கு மேல் கறுப்புத் துணி இழுக்கும் வழக்கம் வந்தது. கோடையில் மாலை ஐந்து மணிக்கே துணியை இழுத்து மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறந்து, நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேர இருளைச் சில வாரங்கள் தொடர்ந்து தந்தால், அதன்பின் இரண்டு மூன்று மாதங்களில் செடி சந்தைக்குத் தயாராகும். மறுபுறம், பதியன் எடுக்கும் தாய்ச்செடிகள் பூத்துவிடாமல் இருக்க நள்ளிரவில் விளக்கு எரியவிடப்பட்டது. முதலில் கருஞ்சிவப்பு ஒன்றே இருந்த இடத்தில், சோமாலியாவைச் சேர்ந்த கலஞ்சோ ஃபிளேமியா, மடகாஸ்கரின் கலஞ்சோ புமிலா முதலிய உறவினங்களோடு கலந்து ஆரஞ்சு, மஞ்சள், ஊதா கலந்த இளஞ்சிவப்பு ஆகியவை வந்து சேர்ந்தன. டென்மார்க்கும் நெதர்லாந்தும் இத்தொழிலின் மையங்களாயின; டென்மார்க்கின் ஹின்னெருப்பில் 1963இல் தொடங்கிய க்னூட் யெப்சன் நிறுவனம் கலஞ்சோ ஒன்றையே முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. இயல்பில் நான்கு இதழ்களே உடைய பூவில் அடுக்கடுக்காக இதழ்கள் பெருகிய கலண்டிவா வகைகளை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபைடஸ் என்ற டச்சு நிறுவனம் பரப்பியது. தமிழக நாற்றங்கால்களில் குட்டி ரோஜாவைப் போல் தோன்றி வாங்குவோரை ஏமாற்றும் கலஞ்சோ அதன் வழிவந்ததே. ஆண்டு முழுவதும் எந்த வாரத்திலும் பூவோடு விற்கலாம் என்ற நிலை வந்தபின், செடி தன் பருவத்தையே இழந்துவிட்டது எனலாம். வாங்குவோர் இரண்டு மாதம் பூவைப் பார்த்துவிட்டு எறிந்துவிட்டு வேறு வாங்குவர் என்பதே ஐரோப்பியத் தொழிலின் கணக்கு. பல்லாண்டுச் செடியொன்றைப் பூங்கொத்தாக மாற்றிய இக்கணக்கு வணிகத்துக்கு வெற்றி. செடிக்கு அது பெருமை என்று சொல்வதற்கில்லை.

தமிழகத்தில் வைத்து வளர்ப்போருக்கு இவ்வரலாற்றில் ஒரு நற்செய்தி ஒளிந்திருக்கிறது. சாராடனானா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 14 பாகையில் உள்ளது. சென்னை வடக்கே 13 பாகையில் உள்ளது. பருவங்கள் தலைகீழாக இருப்பினும், பகலின் ஏற்ற இறக்கம் இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. போட்ஸ்டாமில் கோடைப் பகல் 17 மணி நேரத்தை நெருங்கி, குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் கீழே சரிகிறது. சென்னையிலோ நீண்ட பகல் 13 மணியைத் தொடாது, குறுகிய பகல் 11 மணிக்குக் குறையாது. ஆகவே செப்டம்பர் இறுதியில் பகலும் இரவும் சமமானபின், கறுப்புத் துணியோ அட்டைப்பெட்டியோ இல்லாமலேயே, தமிழகத்துக் கலஞ்சோ தன் மூதாதையரின் நாட்காட்டிப்படி மொட்டுவிடத் தொடங்கித் தைக்குள் பூக்க முடியும்.

பல வீடுகளில் அவ்வாறு நடப்பதில்லை என்பதும் உண்மை. முதல் ஆண்டு வாங்கியபோது இருந்த பூ மறு ஆண்டு வராததற்கு உரக்குறைவைக் காரணம் காட்டி, எரு மேல் எரு இடுவது வழக்கமாக இருக்கிறது. தமிழகத்தின் இரவு வரம்பை ஒட்டியே நீளுவதால், அதைக் கெடுக்கச் சிறிதளவு வெளிச்சமே போதும். கூடத்தில் பதினொரு மணி வரை எரியும் குழல்விளக்கும், மாடி முகப்பின் முன் விடிய விடிய எரியும் தெருவிளக்கும் செடிக்கு நெடும்பகலையே காட்டுகின்றன. ஐப்பசி முதல் ஆறு வாரங்கள் மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை விளக்கொளி எட்டாத மூலைக்குச் செடியை மாற்றுவது, அல்லது அட்டைப்பெட்டியால் மூடிவைப்பது, எந்த உரத்தையும்விடப் பயன் தரும். ஒரு நாள் மறந்தாலும் கெட்டுவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. நாள்தோறும் மறந்தால் பயனில்லை. வெப்பமும் குறுக்கிடும். சுமார் 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் நிலைத்திருந்தால் நீண்ட இரவு கிடைத்தும் மொட்டு தாமதமாகும். குன்னூர், ஏற்காடு போன்ற இடங்களில் இச்செடி அடர்ந்து பூப்பதும், கடற்கரைச் சமவெளியில் தை பிறந்தபின்பே தயங்கிப் பூப்பதும் அதனால்தான்.

நீர் ஊற்றுவதிலும் இரவுக் கணக்கு உதவுகிறது. பகலில் துளைகளை மூடிவைத்திருக்கும் செடி மெதுவாகவே நீரைச் செலவிடுகிறது. மல்லிகைக்கும் துளசிக்கும் ஊற்றும் பழக்கத்தில் நாள்தோறும் ஊற்றினால் வேர் அழுகித் தண்டு அடியில் கறுத்துவிடும். மேல்மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்தபின் தொட்டியின் அடியில் வழியுமளவு ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவது போதும். செம்மண்ணில் பாதியளவு ஆற்றுமணலோ கரிச்சில்லோ கலந்து, சிறிது மக்கிய எரு சேர்த்த கலவை பொருந்தும். தென்னைநார்த் துகளை மட்டும் நிரப்பி வரும் கடைத்தொட்டிகள் அடைமழைக் காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வாங்கியவுடன் மாற்றுவது நலம். காலை வெயில் நான்கு மணி நேரம் போதும். சித்திரை, வைகாசி நண்பகல் வெயில் இலைகளைச் சிவக்க வைத்து விளிம்பைத் தீய்க்கும். இலைக்கணுக்களில் வெண்பஞ்சாக ஒட்டும் மாவுப்பூச்சியைத் தொடக்கத்திலேயே ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காற்றோட்டமில்லாத இடத்தில் வெண்பொடி படியும் சாம்பல் நோயும் வரும்.

பூ முடிந்ததும் பூத்தண்டுகளை அடியோடு கிள்ளிவிட்டு, கிளைநுனிகளை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் கிடத்தி மணலில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். மூன்றாண்டு கடந்த செடி அடியில் மரமேறி இலை உதிர்த்து அலங்கோலமாகிவிடுவதால், பழையதைக் காப்பாற்றப் போராடுவதைவிட நுனிகளைப் புதுப்பிப்பதே எளிது. வெட்டிய கழிவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடலாகாது. கலஞ்சோ இனத்துச் செடிகளில், குறிப்பாகப் பூக்களில், பூஃபாடையனோலைடு எனப்படும், இதயத்துடிப்பைக் குலைக்கும் நச்சுப்பொருட்கள் உள்ளன. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வினச் செடிகளை மேய்ந்து கால்நடைகள் மாண்டிருக்கின்றன, நாய்க்கும் பூனைக்கும் அவை தீங்கானவை. ரணகள்ளி இலையைச் சிறுநீரகக் கல்லுக்கென்று உண்ணும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருப்பதால், அதன் உறவினம் என்று கேள்விப்பட்டுக் கடையில் வாங்கிய கலஞ்சோவையும் அவ்வாறே பயன்படுத்த முற்படுவோர் உண்டாகலாம். அலங்காரத்துக்கென்று பல உறவினங்களோடு கலந்து உருவாக்கி, பூச்சிமருந்து தெளித்து வளர்த்த செடி அது, உண்பதற்கு உரியதன்று.